‘சிக்னல் லாஸ்ட்’னு திரையில் வந்ததும் ட்ரோனுக்கு என்ன ஆகிறது? ஹாங்காங்கில் விழுந்த 46 ட்ரோன்கள் முதல் நம்ம ஊர் கல்யாண மண்டபம் வரை

2018 அக்டோபர் 27, சனிக்கிழமை இரவு. ஹாங்காங்கின் விக்டோரியா துறைமுகத்தில் ஒயின் திருவிழா களைகட்டியிருந்தது. கூட்டம் அண்ணாந்து பார்க்க, 100 ட்ரோன்கள் வண்ண விளக்குகளோடு வானத்தில் உருவங்கள் வரைந்துகொண்டிருந்தன. திடீரென ஒவ்வொன்றாகக் கழன்று விழ ஆரம்பித்தன. மொத்தம் 46 ட்ரோன்கள் தண்ணீருக்குள் போயின. இழப்பு சுமார் 10 லட்சம் ஹாங்காங் டாலர்.

ஜிபிஎஸ் சிக்னல் ஜாம் செய்யப்பட்டதுதான் காரணம் என்றது நிகழ்ச்சியை நடத்திய சுற்றுலா வாரியம். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சிக்னலில் சிக்கல் வந்தால் தானாகவே கிளம்பிய இடத்துக்குத் திரும்பும் வசதி அந்த ட்ரோன்களில் இருந்தது. இருந்தும் கிட்டத்தட்ட பாதி ட்ரோன்கள் விழுந்தன.

நம்ம ஊரில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, ரியல் எஸ்டேட் வீடியோ என எல்லாவற்றிலும் இப்போது கேமரா ட்ரோன் பறக்கிறது. பறக்கவிடும் தம்பியிடம் “சிக்னல் போயிட்டா என்னப்பா பண்ணுவே?” என்று கேட்டால், வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “அதுவா திரும்பி வந்துரும்ணே.” வரும்தான், ஆனால் எப்போதும் வராது. எப்போது வரும், எப்போது வராது என்பது தெரியாமல் 200 பேர் தலைக்கு மேல் பறக்கவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

கணக்கு ஒன்று பார்க்கலாம். 15 மாடி உயரம், அதாவது சுமார் 45 மீட்டரில் இருந்து ஒரு பொருள் விழுந்தால், காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். காற்றுத் தடை அதைக் கொஞ்சம் குறைக்கும். குறைந்தாலும், முக்கால் கிலோ, ஒரு கிலோ எடையுள்ள ட்ரோன் அந்த வேகத்தில் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

*ஒரு ட்ரோனுக்கு மூன்று இணைப்புகள்*

‘சிக்னல் போச்சு’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். குழப்பம் ஆரம்பிப்பதே அங்கேதான். பறக்கும் கேமரா ட்ரோனுக்கு வேலை செய்யும் இணைப்பு ஒன்றல்ல, மூன்று.

ஒன்று, ரிமோட்டில் இருந்து ட்ரோனுக்குப் போகும் கட்டளை. ‘இடப்பக்கம் திரும்பு’, ‘மேலே போ’ என்பதெல்லாம் இதில்தான் போகும். இரண்டாவது, ட்ரோனில் இருந்து கீழே வரும் வீடியோவும், உயரம், பேட்டரி அளவு போன்ற தகவல்களும். இந்த இரண்டும் பெரும்பாலான கேமரா ட்ரோன்களில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அல்லது 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன. மூன்றாவது, செயற்கைக்கோளில் இருந்து வரும் ஜிபிஎஸ். இதற்கும் உங்கள் ரிமோட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ‘நான் எங்கே இருக்கேன்?’ என்று ட்ரோன் தெரிந்துகொள்வது இதை வைத்துத்தான்.

போனில் வீடியோ உறைந்து நின்றதும் பலரும் பதறிவிடுகிறார்கள். உண்மையில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் வீடியோதான், ஏனென்றால் அதில் போகும் டேட்டா மிக அதிகம். ரிமோட் அனுப்பும் கட்டளையோ சின்னஞ்சிறு டேட்டா, பலவீனமான சிக்னலிலும் போய்ச் சேரும். படம் நின்றுபோன பிறகும் ட்ரோன் உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். சில நேரம் சிக்னலில் சிக்கலே இருக்காது. வெயிலில் போன் சூடாகியிருக்கும், ஆப் நின்றுபோயிருக்கும், கேபிள் லூஸாகியிருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் குச்சியை அங்கேயும் இங்கேயும் தள்ளுவதுதான் பாதி ட்ரோன்களை மரத்தில் கொண்டுபோய் மாட்டிவிடுகிறது.

*பெட்டியில் 15 கிலோமீட்டர், மண்டபத்தில் 300 மீட்டர்கூட இல்லையே?*

டிஜேஐ நிறுவனத்தின் மேவிக் 3 ட்ரோனை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க விதிப்படி அதன் தூரம் 15 கிலோமீட்டர் என்கிறது நிறுவனம். அதே ட்ரோனுக்கு ஐரோப்பிய விதிப்படி 8 கிலோமீட்டர்தான். இயந்திரம் மாறவில்லை, எவ்வளவு சக்தியில் அலையை அனுப்பலாம் என்ற அனுமதி மட்டும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அந்த 15-ம் தடையே இல்லாத வெட்டவெளிக்கான கணக்கு. கட்டடங்கள் நெருக்கியடிக்கும், வைஃபை நிறைந்த நகரப்பகுதிக்கு நிறுவனமே தரும் கணக்கு 1.5 முதல் 3 கிலோமீட்டர்தான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது முதல் எண் மட்டுமே.

ஏன் இப்படி? 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்பது லைசென்ஸ் தேவையில்லாத பொதுப்பாதை. வீட்டு வைஃபை, ப்ளூடூத் ஹெட்செட், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே இந்தப் பாதையில்தான். இதில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஓடக்கூடிய வைஃபை சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. முகூர்த்த நேரத்தில் மண்டபத்தில் 500 பேர், அவர்களில் பலரும் ஹாட்ஸ்பாட்டோ ப்ளூடூத்தோ போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் லைவ் ஸ்ட்ரீமிங் டீமின் ரவுட்டர் வேறு. தி.நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய நாள் பைக் ஓட்டுகிற மாதிரிதான்.

5.8 ஜிகாஹெர்ட்ஸில் கூட்டம் குறைவு, இடமும் அதிகம். ஆனால் சுவர், மரம் என்று குறுக்கே ஏதாவது வந்தால் இந்த அலை சீக்கிரமே சோர்ந்துவிடும். நகரத்துக்குள், கண்ணுக்கு நேராக, பக்கத்திலேயே பறக்கவிட்டால் 5.8 நல்லது. தோப்பு, வயல்வெளி, தூரம் என்றால் 2.4 பரவாயில்லை. புதிய ட்ரோன்கள் இதைத் தாங்களே மாற்றிக்கொள்ளும். ஆனாலும் பறக்கும் முன் செட்டிங்ஸில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் பாதியாகாது, கால் பங்காகிவிடும். அதோடு, ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் நேர்கோடு மட்டும் காலியாக இருந்தால் போதாது. அந்தக் கோட்டைச் சுற்றியும் கொஞ்சம் வெளி தேவை. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸில் நடுப்பகுதியில் சுமார் ஐந்தரை மீட்டர் ஆரம் அளவுக்கு வெளி வேண்டும். ‘ட்ரோன் கண்ணுக்குத் தெரியுது, ஆனா சிக்னல் வரமாட்டேங்குதே’ என்று சொல்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இதில் இருக்கும். தென்னந்தோப்பின் தலையை உரசுகிற மாதிரி பறக்கும்போது நடப்பது இதுதான். மழை பெய்து ஓய்ந்த நேரமென்றால் இன்னும் மோசம். ஈர இலைகள் அலையைக் குடித்துவிடும்.

மண்டபத்தின் தகரக் கூரை, இரும்பு ட்ரஸ், மேடைக்குப் பின்னால் நிற்கும் பெரிய எல்இடி திரை, இவையும் வில்லன்கள்தான். ரிமோட்டைப் பிடித்திருப்பவர் போர்ட்டிகோவுக்குள் நிழலாக நின்றுகொண்டு, ட்ரோனை மட்டும் கோபுரத்துக்குப் பின்னால் அனுப்பினால் சிக்னல் எப்படிப் போகும்?

பலர் யோசிக்காத இன்னொன்று உண்டு. யுஎஸ்பி 3.0 கேபிளும் ஹார்ட் டிஸ்க்கும் வேலை செய்யும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். 2012-லேயே இன்டெல் நிறுவனம் இதை ஆய்வறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. ரிமோட்டுக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்து மெமரி கார்டு காப்பி போட்டுக்கொண்டிருந்தால், இரைச்சலை நாமே காசு கொடுத்து வாங்கி வைத்த மாதிரி.

*ஆண்டெனாவின் நுனியைக் காட்டாதீங்க*

இது காசே செலவில்லாத சரிசெய்தல். ரிமோட்டின் ஆண்டெனாவைத் துப்பாக்கி மாதிரி ட்ரோனை நோக்கி நீட்டுவதுதான் பலரின் பழக்கம். தர்க்கமாகத் தோன்றினாலும் அது தவறு. அந்தக் குச்சி ஆண்டெனாவில் அலை பக்கவாட்டில்தான் பரவும். உளுந்து வடை வடிவத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். குச்சி ஓட்டைக்குள் நிற்கிறது, அலை வடையாகச் சுற்றிப் பரவுகிறது. நுனி இருக்கும் திசையில் கிட்டத்தட்ட ஒன்றுமே போகாது. ஆண்டெனாவின் தட்டையான பக்கம் ட்ரோனைப் பார்க்க வேண்டும்.

ட்ரோன் நேர் தலைக்கு மேலே இருக்கும்போது சிலருக்குச் சிக்னல் தடுமாறுவதும் இதனால்தான். நிமிர்த்தி வைத்த ஆண்டெனாவின் நுனி அப்போது ட்ரோனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். மடக்கிச் சாய்த்தால் சரியாகிவிடும். ரிமோட்டுக்குள்ளேயே ஆண்டெனா மறைந்திருக்கும் மாடல்களும் உண்டு. அவற்றுக்கு எந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும் என்று கையேட்டில் படம் போட்டிருப்பார்கள்.

இன்னொன்று, நம் உடம்பு. உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், இந்த அலைகளை அது உறிஞ்சிக்கொள்ளும். ட்ரோனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், சிக்னலுக்குக் குறுக்கே நிற்பது நீங்களேதான்.

‘சக்தியைக் கூட்டுகிறோம்’ என்று சொல்லி செட்டிங்ஸை மாற்றித் தரும் ஆப்களும் ஆண்டெனா பூஸ்டர்களும் ஆன்லைனில் தாராளமாகக் கிடைக்கின்றன. இந்த அலைவரிசைகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்ற சலுகையே குறிப்பிட்ட சக்தி அளவுக்குள் இருந்தால்தான். அதைத் தாண்டினால் சலுகையும் போய்விடும். ரிமோட்டின் குரலைக் கூட்டினால் ட்ரோனின் குரல் கூடிவிடாது என்பதையும் யோசிக்க வேண்டும். வீடியோவை அனுப்புவது ட்ரோன்தான்.

*திரை உறைந்துவிட்டது. இப்போ என்ன செய்யணும்?*

முதல் வேலை, விரலைக் குச்சியில் இருந்து எடுப்பது. ஜிபிஎஸ் பிடித்திருக்கும் கேமரா ட்ரோன், குச்சியை விட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த ஐந்து விநாடி நிதானம் பல ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கும்.

அடுத்து, ரிமோட்டைப் பாருங்கள், போனை அல்ல. ரிமோட்டின் விளக்கோ ஆப்பில் வரும் தகவலோ இணைப்பு இருக்கிறது என்று காட்டினால், சிக்கல் வீடியோவில் மட்டும்தான். ஆப்பை மூடித் திறக்கலாம், கேபிளைச் செருகிப் பார்க்கலாம். அதுவரை ட்ரோன் காத்துக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால் கண்ணால் பார்த்தே இறக்கிவிடலாம்.

உண்மையிலேயே இணைப்பு அறுந்திருந்தால், கூரைக்கு அடியில் இருந்து வெளியே வாருங்கள். ட்ரோன் கடைசியாக இருந்த திசையைப் பார்த்து நில்லுங்கள், ஆண்டெனாவைச் சரிசெய்யுங்கள், ரிமோட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள், தடை இல்லாத பக்கமாக நகருங்கள். பெரும்பாலும் இதிலேயே இணைப்பு திரும்ப வந்துவிடும். இணைப்பு விட்டுவிட்டு வந்தால், மேலே தடை எதுவும் இல்லை என்று உறுதியாகத் தெரியும்போது ட்ரோனைச் சில மீட்டர் உயர்த்துவது நல்லது. மறைத்துக்கொண்டிருக்கும் மரமோ கட்டடமோ விலகும்.

ரிமோட்டை ஆஃப் செய்து ஆன் செய்யும் பழக்கம் டிவிக்குச் சரி. இங்கே செய்தால், தானாக ஒட்டிக்கொள்ளத் தயாராக இருக்கும் இணைப்பையும் நாமே துண்டித்துவிடுகிறோம்.

*‘வீட்டுக்கு வா’ பட்டன் எங்கே கைவிடும்?*

கேமரா ட்ரோன்களில் ரிட்டர்ன் டு ஹோம் என்றொரு வசதி இருக்கிறது, ‘ஆர்டிஎச்’ என்பார்கள். சில விநாடிகள் ரிமோட் தொடர்பு இல்லாவிட்டால் ட்ரோன் தானே குறிப்பிட்ட உயரத்துக்கு ஏறி, கிளம்பிய இடத்துக்கு வந்து இறங்கும். அருமையான வசதிதான். ஆனால் இது நான்கைந்து விஷயங்களை நம்பி இருக்கிறது, அதில் ஒன்று காலை வாரினாலும் கதை கந்தல்.

முதலாவது, கிளம்பிய இடம் எது என்று ட்ரோனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜிபிஎஸ் சரியாகப் பிடிப்பதற்கு முன்பே அவசரமாகக் கிளப்பினால் அந்த ‘ஹோம் பாயின்ட்’ பதிவாகியிருக்காது, அல்லது தவறாகப் பதிவாகியிருக்கும். ‘பொண்ணு வந்தாச்சு, சீக்கிரம் கிளப்புப்பா’ என்று மாமா ஒருவர் விரட்டும்போது நடப்பது இதுதான். மண்டபத்துக்குள், பந்தலுக்கு அடியில் இருந்து கிளப்பினாலும் இதே சிக்கல். ஜிபிஎஸ் இல்லாத நிலையில் தொடர்பு அறுந்தால் ட்ரோன் திரும்பாது. பல மாடல்கள் இருக்கும் இடத்திலேயே இறங்கப் பார்க்கும். கீழே இருப்பது பந்தியா, அக்னிகுண்டமா என்பது அதற்குத் தெரியாது.

படகில் இருந்து கிளப்புபவர்களுக்கு இன்னொரு வேடிக்கை. படகு நகர்ந்திருக்கும், ட்ரோனோ படகு முன்பு நின்ற இடத்துக்கு ஒழுங்காக வந்து, கடலில் இறங்கும்.

இரண்டாவது, திரும்பும் உயரம். சுற்றிலும் உள்ள உயரமான மரம், செல்போன் டவர், கோபுரம் எதுவோ, அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இதை வைத்திருக்க வேண்டும். போன வாரம் வயல்வெளியில் வைத்த அளவை மாற்றாமல் இந்த வாரம் அபார்ட்மென்ட் நடுவில் பறக்கவிட்டால், நேர்கோட்டில் திரும்பி நேராகச் சுவரில்தான் முடியும். எல்லாப் பக்கமும் தடையை உணரும் சென்சார் விலையுயர்ந்த மாடல்களில்தான் இருக்கிறது. அந்தச் சென்சாரும் இருட்டில் திணறும், மெல்லிய மின்கம்பி அதன் கண்ணில் படுவது சந்தேகம். ட்ரோன் வீட்டுப் புள்ளிக்கு மிக அருகில் இருந்தால் சில மாடல்கள் உயரே ஏறாமல் அப்படியே வந்துவிடும் என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, காற்று. டிஜேஐ மினி 3 ப்ரோ போன்ற சின்ன ட்ரோன் தாங்கும் காற்றின் வேகம் விநாடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 38 கிலோமீட்டர். தரையில் மெதுவாக வீசும் காற்று 100 மீட்டர் உயரத்தில் வேறு ஆளாக இருக்கும். போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது எதிர்க்கும். ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆடி மாதம் அந்தப் பக்கம் ட்ரோன் எடுத்துப் போகிறவர்கள் முதலில் காற்றை எதிர்த்துப் போய்விட்டு, காற்றோடு திரும்பி வருவதுதான் புத்திசாலித்தனம்.

விழுந்த எல்லா ட்ரோனுக்கும் சிக்னலைக் குறை சொல்லக்கூடாது என்பதற்கும் காற்றே சாட்சி. 2023 ஜூலை 14 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், மகளிர் கால்பந்துப் போட்டியை ஒட்டி நடந்த ஒளிக்காட்சியில் 500 ட்ரோன்கள் கிளம்பின. 400-க்கும் மேற்பட்டவை தண்ணீரில் விழுந்தன. பார்ப்பதற்கு ஹாங்காங் சம்பவம் மாதிரியே இருந்தது. ஆனால் விசாரித்த ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு கைகாட்டியது ஜாமரை அல்ல, ட்ரோன்களின் தாங்கும் அளவைத் தாண்டி வீசிய காற்றை. 2024 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் நடந்த காட்சியில் ட்ரோன் பாய்ந்து 7 வயதுச் சிறுவன் படுகாயமடைந்தான். அங்கே விசாரணையில் வெளிவந்தது, பறக்கும் பாதையை ட்ரோன்களுக்கு ஏற்றியதில் நடந்த தவறுகள். மூன்று ஊர், மூன்று காரணம்.

*திசைகாட்டி செய்யும் சேட்டை*

‘சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா ட்ரோன் வட்டம் போடுது’ என்று ஒரு புகார் வரும். இது ரேடியோ சிக்கலே அல்ல. ட்ரோனுக்குள் இருக்கும் திசைகாட்டி, காந்தப்புலத்தை வைத்து வடக்கு எது என்று பார்க்கிறது. கான்கிரீட் மொட்டை மாடியில் தளத்துக்குள் முழுக்க இரும்புக் கம்பி. கார் பானட்டும் இரும்பு. பெரிய ஸ்பீக்கருக்குள் காந்தம். இவற்றின் மேல் வைத்துக் கிளப்பினாலோ, அங்கேயே நின்று திசைகாட்டியைச் சரிசெய்தாலோ, தவறான வடக்கைச் சரியென்று கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். மண் தரையில், இரும்பில் இருந்து தள்ளி வைத்துச் செய்தால் முடிந்தது வேலை.

ஜிபிஎஸ்ஸும் கீழே பார்க்கும் சென்சாரும் கைவிட்டால் சில ட்ரோன்கள் ‘ஆட்டி’ என்ற நிலைக்குப் போகும். உயரத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் காற்றடிக்கும் பக்கம் மிதந்து போகும். ‘கன்ட்ரோல் போச்சு’ என்று பலர் அலறுவது இந்த நிலையைப் பார்த்துத்தான். உண்மையில் கன்ட்ரோல் உங்கள் கையில்தான் இருக்கும், பிரேக் மட்டும்தான் இல்லை. எதிர்த்திசையில் குச்சியை மெதுவாகப் பிடித்துக் கொண்டுவர வேண்டும். திறந்தவெளியில், ஆள் இல்லாத இடத்தில் இதைப் பழகியிருப்பவருக்குத்தான் கல்யாண வீட்டில் கை நடுங்காது.

*தென் தமிழ்நாட்டு வானத்தில் ஒரு ஸ்பெஷல் சிக்கல்*

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் அலை தரைக்கு வரும்போது நம்ப முடியாத அளவுக்குப் பலவீனமாகிவிடும். அதனால்தான் கையடக்க ஜாமர்கூட அதை அமுக்கிவிடுகிறது. இயற்கையே சில நேரம் அந்த வேலையைச் செய்யும்.

பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதற்கு இதுவே காரணம். இந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில், சூரியன் மறைந்த பிறகு மேல் வளிமண்டலத்தின் அயனி அடுக்கில் குமிழிகள் மாதிரி வெற்றிடங்கள் உருவாகும். அவற்றின் ஊடே வரும் ஜிபிஎஸ் அலை, நட்சத்திரம் மினுக்குவது போல மினுக்கும். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களின் முன்னிரவில் இது அதிகம். சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். சூரியன் உச்சகட்டச் செயல்பாட்டுக் காலத்தில் இருப்பதாக நாசா 2024 அக்டோபரில் அறிவித்தது. அதற்கு முன்பே, 2024 மே 10, 11 தேதிகளில் அடித்த சூரியப் புயலில் அமெரிக்காவில் ஜிபிஎஸ்ஸை நம்பி ஓடும் டிராக்டர்கள் விதைப்பு நேரத்தில் தடுமாறி நின்றன.

புரட்டாசியில் கல்யாணம் குறைவுதான். ஆனால் பங்குனியில் திருவிழாக்கள் வரிசைகட்டும், அதுவும் இரவில். அந்த நேரத்தில் செயற்கைக்கோள் எண்ணிக்கை ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் ட்ரோனைத் தொலைவுக்கு அனுப்பாமல் இருப்பது நல்லது. ஜிபிஎஸ்ஸோடு மற்ற நாட்டுச் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பிடிக்கும் புதிய மாடல்கள் இதை ஓரளவு தாங்கும்.

*வேண்டுமென்றே ஜாம் செய்தால்?*

இங்கேதான் விஷயம் தொழில்நுட்பத்தில் இருந்து பாதுகாப்புக்கு மாறுகிறது. ஜாமிங் என்றால் இரைச்சலைப் போட்டு அமுக்குவது. ஸ்பூஃபிங் அதைவிடத் தந்திரமானது. போலி ஜிபிஎஸ் சிக்னலை அனுப்பி ‘நீ வேறு இடத்தில் இருக்கிறாய்’ என்று நம்பவைப்பது. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதிகளில், குறிப்பாக அமிர்தசரஸ், ஜம்மு சுற்றுவட்டாரத்தில், விமானங்கள் இப்படி 465 முறை ஜிபிஎஸ் குறுக்கீட்டைச் சந்தித்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2025 நவம்பரில் டெல்லி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்களும் இதே புகாரைச் சொன்னன. பயணிகள் விமானத்துக்கு வேறு வழிகாட்டிக் கருவிகள் உண்டு. கல்யாண ட்ரோனுக்கு இருப்பது ஜிபிஎஸ் மட்டும்தான்.

ஆபரேஷன் சிந்தூரின்போது, 2025 மே 8 இரவு 36 இடங்களை நோக்கி 300 முதல் 400 ட்ரோன்களைப் பாகிஸ்தான் அனுப்பியதாக இந்தியா கூறியது. அவற்றில் பலவற்றைச் சுட்டும், மின்னணு முறையில் முடக்கியும் வீழ்த்தியதாகவும் தெரிவித்தது. ‘மின்னணு முறையில்’ என்பதன் பொருள், மேலே பார்த்த மூன்று இணைப்புகளையும் அறுப்பதுதான். உக்ரைன் போரில் இந்த ஜாமிங் எந்த அளவுக்குப் போனதென்றால், ரேடியோவே வேண்டாம் என்று பல கிலோமீட்டர் நீளக் கண்ணாடி இழைக் கம்பியை அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்களை இரு தரப்பும் களமிறக்கிவிட்டன. வயர் இருந்தால் ஜாம் செய்ய என்ன இருக்கிறது?

விஐபி வருகை, ராணுவ முகாம், விமான நிலையம் அருகே ட்ரோன் திடீரென வேலைநிறுத்தம் செய்தால் ஆண்டெனாவைத் திருப்பி எந்தப் பயனும் இல்லை. ட்ரோனின் ரிமோட் இணைப்பையும் ஜிபிஎஸ்ஸையும் ஒரே நேரத்தில் அமுக்கும் கருவிகள் அங்கே இருக்கலாம். இரண்டும் போனால் ஆர்டிஎச்சும் போச்சு. ஹாங்காங்கில் 46 ட்ரோன்கள் திரும்பி வராமல் போன கதையும் அதுதான்.

பக்கத்து வீட்டு ட்ரோன் தொல்லை தாங்காமல் ஜாமர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: தனியார் யாரும் ஜாமர் வைத்திருப்பது பொதுவாகச் சட்டவிரோதம், மத்திய அரசு அனுமதித்தால் தவிர. ஜிபிஎஸ் தடுப்பான்களுக்கும் இது பொருந்தும் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்திருக்கிறது.

*பறக்கும் முன் மேப்பைப் பாருங்க*

2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகளின்படி நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. டிஜிட்டல் ஸ்கை தளத்தில் மேப் இருக்கிறது. பச்சையில் 400 அடி வரை, அதாவது சுமார் 120 மீட்டர் வரை, தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரில் இருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள பகுதியில் 200 அடிக்கு மேல் போனாலே மஞ்சள், அனுமதி வாங்க வேண்டும். 8 கிலோமீட்டருக்குள் என்றால் உயரம் எதுவானாலும் அனுமதி தேவை. மீனம்பாக்கத்தை மையமாக வைத்து மேப்பில் வட்டம் போட்டுப் பாருங்கள், சென்னையின் எத்தனை கல்யாண மண்டபங்கள் உள்ளே வருகின்றன என்று தெரியும்.

250 கிராம் வரையிலான நானோ ட்ரோனுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதற்கு மேல் 2 கிலோ வரையிலான மைக்ரோ ட்ரோனைப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட்டாலும் தேவையில்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் ஷூட் செய்தால் அது வணிகம், சான்றிதழ் வேண்டும். நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். கல்யாண வீட்டுக்காரர்கள் ஆல்பம் ரேட் பேசும்போது இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்பதில் தப்பே இல்லை. ட்ரோன் யார் தலையிலாவது விழுந்தால் ஆஸ்பத்திரி பில் யார் கட்டுவது என்ற கேள்விக்குப் பதில் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை தளம் வழியாக விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது விதி. ட்ரோன் எங்கே போனது என்றே தெரியாவிட்டால், ஆப்பில் பதிவாகியிருக்கும் கடைசி இடத்தையும் உயரத்தையும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்க வேண்டும். தேடலை அங்கிருந்து காற்று வீசிய திசையில் ஆரம்பிக்கலாம். கிடைத்ததும் பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தாலோ நசுங்கியிருந்தாலோ தண்ணீரில் நனைந்திருந்தாலோ சார்ஜ் போடக்கூடாது. வீட்டுக்குள், பைக்குள் வைக்காமல் எரியும் பொருள் எதுவும் இல்லாத திறந்த இடத்தில் தனியாக வைக்க வேண்டும். அடிபட்ட லித்தியம் பேட்டரி சில மணி நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும்.